புயல் மழை நாளில் விமானப் பயணம்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கோ, சென்னையிலிருந்தோ விமானத்தில் செல்ல வேண்டியவர்கள், பயணச்சீட்டு எடுக்கும்போதே மழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 35 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு ஓடுபாதையும் விமானங்கள் நிற்கும் தளமும் நீரில் மூழ்கின. அன்றிரவு மூடப்பட்ட விமான நிலையம் டிசம்பர் 6 அன்றுதான் பயணிகள் விமானங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட நாட்களில் அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலிருந்து சில விமானங்களை இயக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல் என ஒவ்வொரு புயலின்போதும் அதே நிலையம் சில மணி நேரமோ, ஒரு நாளுக்கு நெருக்கமாகவோ மூடப்பட்டிருக்கிறது.

புதிதாகப் பயணம் செய்வோர் பெரும்பாலும் வானத்தில் என்ன நேருமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் இயல்பானது; எனினும், விமானம் தரையிறங்கலாமா, திரும்பலாமா, வேறு ஊருக்குப் போகலாமா என்பதைப் பயிற்சி பெற்ற விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் பயணியைக் கேட்காமலே முடிவு செய்துவிடுவார்கள். பயணி தாமாக முடிவெடுக்க வேண்டிய இடங்கள் அனைத்தும் தரையில்தான் இருக்கின்றன. வீட்டிலிருந்து புறப்படலாமா, பயணச்சீட்டை ரத்து செய்யலாமா, மருந்தை எந்தப் பையில் வைப்பது, நள்ளிரவில் நிலையத்தை விட்டு வெளியேறலாமா என்பன போன்ற சிறிய முடிவுகளில்தான் பணமும் உடல்நலமும், சில வேளைகளில் உயிருமே அடங்கியிருக்கின்றன. ஆகவே இக்கட்டுரை அந்த முடிவுகளை அவை வரும் வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது.

மூன்று நாட்களுக்கு முன்பு

முதல் வேலை வானிலை அறிக்கையைப் பார்ப்பது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, புயல் கரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பே முதற்கட்ட அறிவிப்பையும், 48 மணி நேரம் முன்பு அடுத்த எச்சரிக்கையையும், 24 மணி நேரம் முன்பு மூன்றாம் கட்ட எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறக் குறியீடுகளும் வரும். மழைக்கான சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.-க்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று பொருள் கொள்ளலாம். உங்கள் பயண நாளுக்கு அத்தகைய எச்சரிக்கை இருக்குமானால், விமானம் உரிய நேரத்தில் கிளம்பாது என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் செய்திகளையும் பழைய வெள்ளக் காணொளிகளையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை தமிழிலேயே கிடைக்கிறது.

புயல் அறிவிக்கப்பட்டதும் பல விமான நிறுவனங்கள், குறிப்பிட்ட நாட்களுக்கான பயணச்சீட்டுகளைக் கட்டணமின்றி வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளச் சலுகை அளிக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் அத்தகைய அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்து, உங்கள் வேலையும் இடம் கொடுத்தால், பயணத்தை முன்னுக்குக் கொண்டுவருவதே மேல் என்பது என் கருத்து. பின்னுக்குத் தள்ளினால், புயல் ஓய்ந்தபின் தேங்கிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான பயணிகளோடு சேர்ந்து நீங்களும் இருக்கைக்குப் போட்டியிட வேண்டியிருக்கும்.

பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்து அறிவித்தபின் எடுக்கும் காப்பீட்டில், அந்தப் புயலால் வரும் இழப்பை முன்பே தெரிந்த நிகழ்வு என்று சொல்லிப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்க மறுத்துவிடும்.

நீங்களாக ரத்து செய்யாதீர்கள்

புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முந்தைய நாள் இரவு தொலைக்காட்சியில் புயல் செய்தி ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் போக வேண்டாம் என்கிறார்கள். நீங்களும் கைப்பேசியை எடுத்துப் பயணச்சீட்டை ரத்து செய்துவிடுகிறீர்கள். அப்படிச் செய்தால் அது பயணியின் விருப்பத்தால் நேர்ந்த ரத்து என்று பதிவாகி, சாதாரண நாளில் பிடிக்கும் அதே ரத்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டுமே தருவார்கள். மலிவுக் கட்டணச் சீட்டாக இருந்தால் மீதி என்று சொல்லும்படி ஒன்றும் இராது. மறுநாள் காலை அதே விமானத்தை நிறுவனமே ரத்து செய்திருந்தால், முழுப் பணத்தையும் திரும்பப் பெறவோ, கூடுதல் கட்டணமின்றி வேறு விமானத்தில் செல்லவோ உங்களுக்கு உரிமை இருந்திருக்கும். ஆகவே, கட்டணமில்லாத மாற்றச் சலுகை அறிவிக்கப்படாத வரையில், ரத்து என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரும்வரை பொறுத்திருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. விமானம் கிளம்புகிறது, ஆனால் உங்களால் வெள்ளத்தைக் கடந்து நிலையத்துக்குப் போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். எதுவும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால், நீங்கள் வராத பயணி என்று குறிக்கப்படுவீர்கள். போக வர ஒரே சீட்டாக எடுத்திருந்தால், திரும்பி வருவதற்கான பகுதியும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். விமானம் கிளம்பும் நேரத்துக்கு முன்பே நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தோ, செயலி வழியாகவோ நிலைமையைத் தெரிவித்துத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்னதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கைப்பையில் வைக்க வேண்டியவை

2023 டிசம்பர் 4 அன்று தில்லியிலிருந்து சென்னைக்கு என் சித்தியை அழைத்து வந்துகொண்டிருந்தேன். மிக்ஜாம் புயலால் சென்னை மூடப்பட்டுவிட, எங்கள் விமானம் பெங்களூருவுக்குத் திருப்பப்பட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக விமானத்துக்குள்ளேயே அமர்ந்திருந்தோம். சித்தி தம் மடியிலிருந்த சிறிய பையைத் திறந்தார்; அதில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடும், துளசிமாலையும், இரண்டு ஏலக்காய் பிஸ்கட் பொட்டலங்களும் இருந்தன. இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கால்களுக்குக் கீழே, சரக்கறையில் கிடந்த பெட்டியில் இருந்தன. “பெட்டியிலயே வச்சிட்டேனேப்பா” என்று அவர் சொன்னபோது முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது. விமானப் பணிப்பெண் ஒலிபெருக்கியில் கேட்க, பின்வரிசையிலிருந்த ஒரு மருத்துவர் எழுந்து வந்து நாடி பார்த்தார். அதே மாத்திரையை உண்ணும் இன்னொரு பயணி தம் அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுக்க, மருத்துவர் சரிபார்த்த பின்னரே சித்தி விழுங்கினார். பெட்டி எங்கள் கைக்கு வந்தது மறுநாள் மாலையில்தான்.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: எட்டு மணி நேரப் பயணமானாலும், ஒரு மணி நேரப் பயணமானாலும், குறைந்தது மூன்று நாட்களுக்கான மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் அதை ஒருபோதும் பெட்டியில் போடக் கூடாது. சரக்கறையின் குளிரில் உறைந்துவிட்டால் அது பயனற்றுப் போகும். பவர் பேங்க்கைப் பெட்டியில் வைக்க எப்படியும் அனுமதி இல்லை. 20,000 எம்ஏஎச் அளவுள்ளது பொதுவாக அனுமதிக்கப்படும் 100 வாட்-மணி வரம்புக்குள் வரும். அதை வீட்டிலேயே முழுமையாக மின்னேற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நூறு பேர் காத்திருக்கும் வாயிலருகே பிளக் பாயின்ட் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரு மாற்றுடை, சிறு துண்டு, குழந்தை இருந்தால் பால்மாவும் இரண்டு நாளுக்கான டயபரும், கொஞ்சம் ரொக்கப் பணம் ஆகியவையும் வேண்டும். மின்சாரமும் இணையமும் போன ஊரில் ஜிபே வேலை செய்யாது.

பி.என்.ஆர். எண், உதவி எண், வீட்டாரின் எண்கள் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்ட மையம் 1077, பொது அவசர உதவி 112, ரயில் விசாரணை 139.

நிலையத்துக்குப் புறப்படும் முன்

விமானம் உரிய நேரத்தில் கிளம்பும் என்று திரையில் காட்டுவதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். உங்களை ஏற்றிச் செல்லப்போகும் விமானம் எங்கிருந்து வருகிறது, அது அங்கிருந்து கிளம்பிவிட்டதா என்பதையும் பாருங்கள். பல நிறுவனங்களின் செயலிகளிலும் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களிலும் இதைக் காணலாம். கொல்கத்தாவிலிருந்து வர வேண்டிய விமானம் இன்னும் கொல்கத்தாவிலேயே நிற்கிறதென்றால், சென்னைத் திரை என்ன சொன்னாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

சென்னையில் மெட்ரோ ரயில் விமான நிலையம் வரையிலும் செல்வதால், மழை நாளில் அதுவே சாலையை விட நம்பகமானது. ஆயினும் நீங்கள் ஏறப்போகும் நிலையத்தின் வாயிலில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். காரில் செல்வதானால் சுரங்கப்பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓரடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் சிறிய காரை நகர்த்திவிடும். பழகிய சாலைதானே என்று ஓட்டுநர் சொன்னாலும் நீருக்கடியில் குழி இருப்பது அவருக்கும் தெரியாது. விமானம் போனால் அடுத்தது வரும் என்பதை இந்த ஓரிடத்தில் உறுதியாக நினைவில் கொள்ளுங்கள்.

வானத்தில் இருக்கும்போது

இதில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. இருக்கைப் பட்டையை விளக்கு அணைந்த பின்னரும் கழற்றாதீர்கள். தரையிறங்க வந்த விமானம் ஓடுபாதையை நெருங்கிவிட்டுத் திடீரென்று பேரிரைச்சலுடன் மேலே எழும்பினால் பதற வேண்டாம். பக்கவாட்டுக் காற்று வலுவாக இருக்கும்போது விமானிகள் பயிற்சியில் கற்றபடி செய்யும் செயல்தான் அது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஒரு விமானம் அவ்வாறு மேலெழுந்த காணொளியைப் பலரும் பார்த்து விபத்து நேரவிருந்ததாக எண்ணினார்கள். தரையிறங்குவது பாதுகாப்பன்று என்று கண்ட விமானி முறைப்படி எடுத்த முடிவு அது. வட்டமடித்துக் காத்திருப்பதும் அப்படித்தான். மாற்று நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்கான எரிபொருளை ஒவ்வொரு விமானமும் கணக்கிட்டு ஏற்றிக்கொண்டே கிளம்புகிறது.

வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால்

சென்னைக்கு வரும் விமானங்கள் பெங்களூரு, ஹைதராபாத், திருச்சி, கோவை ஆகிய இடங்களுக்குத் திருப்பப்படுவதுண்டு. இறங்கியதும் கதவைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வானிலை தெளிந்தால் மீண்டும் கிளம்பலாம் என்று விமானத்துக்குள்ளேயே காத்திருக்க வைப்பார்கள். விமானப் பணியாளர்கள் தொடர்ந்து பணியாற்றுவதற்குச் சட்டப்படி கால வரம்பு உண்டு என்பதால், மழை நின்ற பிறகும் மாற்றுப் பணியாளர்கள் வரும்வரை கிளம்ப முடியாமல் போவதும் உண்டு. இதை அறியாத பயணிகள் பணிப்பெண்களிடம் சத்தம் போடுகிறார்கள். பாவம், களைத்துப்போன அவர்களால் அந்த வரம்பை மீற முடியாது.

அங்கேயே இறங்கிக்கொள்ள விரும்பினால் அனுமதி கேட்கலாம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சீட்டு எடுத்த ஒருவரின் சொந்த ஊர் கும்பகோணமாக இருந்து, விமானம் திருச்சியில் இறங்கியிருந்தால், அவர் மீண்டும் சென்னைக்குப் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. திருச்சியில் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் இருப்பதால், நிறுவனம் சம்மதித்தால் அங்கேயே இறங்கலாம். ஆனால் சம்மதிக்கும் முன் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: பெட்டியை இப்போதே இறக்கித் தருவார்களா, மீதிப் பயணத்துக்கான பணம் கிடைக்குமா, திரும்பும் சீட்டு உயிரோடு இருக்குமா. பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ பெறுங்கள்.

நிலையத்தில் சிக்கிக்கொண்டால்

விமானம் ரத்து என்ற அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கவுண்டரை நோக்கி ஓடுவார்கள். நீங்களும் வரிசையில் நில்லுங்கள். நின்றபடியே நிறுவனத்தின் செயலியைத் திறந்து வேறு விமானத்தைத் தேடுங்கள், உதவி எண்ணையும் அழையுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகவர் வழியாகச் சீட்டு எடுத்திருந்தால் அவரையும் உடனே எழுப்புங்கள், ஏனெனில் பணம் திரும்புவது பெரும்பாலும் அவர் வழியாகத்தான்.

உரிமைகள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. இந்தியாவில் இயற்கைப் பேரிடரால் நேர்ந்த ரத்துக்கு விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் பணத்தைத் திருப்பித் தருவதோ மாற்று விமானம் தருவதோ அதன் கடமை. உணவையும் தங்குமிடத்தையும் உரிமையாக எண்ணிக் காத்திராமல், கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. 2010இல் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி ஏறத்தாழ ஒரு வாரம் முடங்கியபோது எழுந்த வழக்கொன்றில், எரிமலை வெடிப்பு எவருடைய தவறும் அல்லாவிட்டாலும் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பாரிஸிலிருந்தோ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அந்த விதி பொருந்துவதால், அங்கிருந்து ஊருக்கு வரும் தமிழர்கள் தயங்காமல் கேட்கலாம். அவர்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் நியாயமான செலவை நீங்களே செய்து, ரசீதை வைத்துப் பின்னர் கோரலாம்.

வெளியே வெள்ளமாக இருக்கும்போது நள்ளிரவில் நிலையத்தை விட்டு வெளியேறாதீர்கள். நாற்காலியில் உறங்குவது துன்பமானதுதான். ஆனால் அந்தக் கட்டடம் உயரமானது, காவலுள்ளது, பெரும்பாலும் மின்னாக்கியும் உள்ளது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் செண்டாய் விமான நிலையத்தை, நிலநடுக்கம் நேர்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஆழிப்பேரலை தாக்கியது. ஓடுபாதையும் தரைத்தளமும் சேறும் கார்களுமாக நிறைந்தன. முனையத்தின் மேல்தளங்களுக்கு ஏறிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள். கடலோர நிலையத்தில் வலுவான நிலநடுக்கத்தை உணர்ந்தால், முதலில் கண்ணாடிச் சுவர்களை விட்டு விலகித் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அதிர்வு நின்றதும் பெட்டியை விட்டுவிட்டு, மின்தூக்கியைத் தவிர்த்து, பணியாளர்கள் காட்டும் படிக்கட்டு வழியாக மேலே செல்லுங்கள்.

இடைநிறுத்த நாட்டில் மாட்டிக்கொள்வது தனித் துன்பம். 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் பெய்த பெருமழையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இணைப்பு விமானத்துக்கு மாற வந்தவர்கள் நாள் கணக்கில் முனையத்திலேயே கிடந்தார்கள். நிலையத்தை விட்டு ஹோட்டலுக்குச் செல்லவும் விசா தேவைப்படும் நாட்டில், பணம் இருந்தும் வெளியே போக முடியாது. அதனால் மழைக்காலத்திலாவது இரண்டு பயணங்களையும் ஒரே சீட்டாக எடுங்கள். தனித்தனியே எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டதற்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உங்கள் விசா முடியும் நாள் நெருங்கினால், அது முடியும் முன்பே குடியேற்ற அலுவலகத்துக்குச் சென்று, விமானம் ரத்தானதற்கு நிறுவனம் தந்த கடிதத்தைக் காட்டுங்கள். இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணைப் புறப்படும் முன்பே குறித்து வைத்திருப்பது அப்போது உதவும்.

ஊர் வந்து சேர்ந்த பின்

பெட்டி வரவில்லையென்றால், சுழல் பட்டை நிற்கும்வரை பார்த்துவிட்டு, நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே நிறுவனத்தின் உடைமைக் கவுண்டரில் புகார் எழுதி அதன் எண்ணைப் பெறுங்கள். பன்னாட்டுப் பயணத்தில், நனைந்தோ உடைந்தோ வந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்து வழியாகக் கோர வேண்டும். ஈரமான பெட்டியைத் திறந்து துணிகளை உலர்த்தும் முன் புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

பணம் திரும்புவதற்கு, நிறுவனம் அனுப்பிய ரத்துச் செய்தி, போர்டிங் பாஸ், செலவு ரசீதுகள் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து விண்ணப்பியுங்கள். நிறுவனம் பணத்துக்குப் பதிலாக வரவுக் கூப்பன் தர முன்வந்தால், அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். பணமாகவே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். காப்பீட்டுக்குக் கோருவதானால், எத்தனை மணி நேரம், எந்தக் காரணத்தால் தாமதம் என்று குறிப்பிடும் சான்றிதழை விமான நிறுவனத்திடம் தனியே கேட்டுப் பெற வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் பதில் இல்லையென்றால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பி.என்.ஆர். எண்ணுடன் புகாரைப் பதிவு செய்து, முன்பு குறித்து வைத்த தாளிலுள்ள அழைப்பு நேரங்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.